தூணா, சிலையா?

கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயில் வாசல் வரைக்கும் என் நண்பர் வருவார். உள்ளே வர மாட்டார். வெளியே பைக் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார். பல வருடப் பழக்கம், நானும் கேட்டதில்லை. போன மாதம் ஏதோ பேச்சில், "சமாதிதானே, ஒரு பெரியவரை அடக்கம் பண்ண இடம். உள்ள வந்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். கோபப்படாமல், "லேவியராகமம் இருபத்தாறு, ஒண்ணு. வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாருங்க சார்" என்றார்.

சித்தானந்தர் 1837இல் சமாதி அடைந்தவர். சமாதியின் மேல் லிங்கம் இருக்கிறது. பாரதி புதுச்சேரியில் இருந்த பத்து வருடங்களில் (1908–1918) இந்தப் பக்கம் அடிக்கடி வந்திருக்கிறார். குயில் பாட்டுக்கு இடம் கொடுத்த மாந்தோப்பு இங்கேதான். அதனால் இந்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பாரதியோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அந்த லிங்கத்தோடு ஆரம்பிக்கிறேன்.

நண்பர் சொன்ன வசனத்தைப் படித்தேன். விக்கிரகம் கூடாது, சுரூபம் கூடாது, சிலை நிறுத்தக் கூடாது, செதுக்கிய கல்லை வணக்கத்துக்காக நாட்டில் வைக்கக் கூடாது என்று நான்கு தடைகள். முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவதாக ஒரு 'சிலை' ஏன் தனியாக வருகிறது? விக்கிரகம் என்று சொன்ன பிறகு சிலை என்றால் சொன்னதையே திரும்பச் சொல்வது போலத்தானே?

எனக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே மூலச்சொல்லைக் காட்டும் பைபிள்கள் இன்று இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. அந்த மூன்றாவது சொல் 'மட்சேபா'. நிற்பது, நிறுத்துவது என்ற வேரிலிருந்து வந்தது. முகம், கை, கால் எதுவும் இல்லாமல் நட்டு நிறுத்திய கல். நம் மொழியில் அதற்குக் கச்சிதமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: நடுகல்.

வேலையில் ஒரு பெயரைப் பார்த்தால் அது வேறு எந்தெந்த இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்ப்பது எனக்குக் கை பழகிய காரியம். இதையும் தேடினேன். முதலில் வந்தது ஆதியாகமம் 28. அண்ணனுக்குப் பயந்து ஓடும் யாக்கோபு வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். கனவில் வானத்துக்கு ஏணி தெரிகிறது. காலையில் எழுந்ததும் அந்தக் கல்லை நிமிர்த்தி நட்டு, அதன் தலையில் எண்ணெய் ஊற்றுகிறான். அந்த இடத்துக்குப் பெத்தேல், கடவுளின் வீடு, என்று பெயர் வைக்கிறான். அவன் நட்ட கல்லுக்கும் மூலத்தில் மட்சேபா என்றுதான் பெயர். யாத்திராகமம் 24இல் மோசே மலையடிவாரத்தில் பன்னிரண்டு கோத்திரத்துக்குப் பன்னிரண்டு கல் நிறுத்துகிறார். அவையும் அதே சொல்தான்.

ஆனால் 1871இல் வந்து, இன்றும் புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் பைபிளில் இது தெரியாது. யாக்கோபு நட்டது 'தூண்'. மோசே நிறுத்தியது 'தூண்'. லேவியராகமம் தடுப்பது 'சிலை'. எசேக்கியா ராஜா உடைத்ததும் 'சிலை'. மூலத்தில் ஒரே சொல். நல்லவர் நட்டால் தூண், மற்றவர் நட்டால் சிலை. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1611 ஆங்கில பைபிளிலும் இதே பாகுபாடு இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கக் குருமார் வாசித்த லத்தீன் பைபிளில், யாக்கோபு நிறுத்தியதற்கும் லேவியராகமம் தடுப்பதற்கும் 'டிட்டுலுஸ்' என்று ஒரே சொல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அதே வரிசையில் 'விக்கிரகத்தோப்பு' என்ற விநோதமான சொல்லும் வருகிறது. மூலத்தில் அது 'அஷேரா', ஒரு பெண் தெய்வம் அல்லது அவளுக்கு நட்ட மரக்கம்பம். கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது தோப்பாகிப்போய், அப்படியே தமிழுக்கும் வந்துவிட்டது. குயில்தோப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

ஆக, நட்ட கல் இஸ்ரவேலருக்கு அந்நிய சரக்கு இல்லை. அவர்களுடைய பாட்டன் வழக்கம். தடை பிற்பாடு வருகிறது. உபாகமத்தின் மையப்பகுதியைக் கி.மு. ஏழாம் நூற்றாண்டோடு, யோசியா ராஜாவின் சீர்திருத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் ஆய்வாளர்களிடம் பரவலாக உள்ள கருத்து. எருசலேமில் மட்டும் வழிபாடு, வேறு எங்கும் கூடாது என்ற காலம் அது. அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதை அராத் காட்டுகிறது. தெற்கே நெகேவ் பாலைநிலத்தில், யூதா ராஜ்யத்தின் சொந்தக் கோட்டைக்குள், 1960களில் யோகனான் அகரோனி தோண்டியபோது ஒரு சின்னக் கோயில் கிடைத்தது. கருவறை வாசலில் இரண்டு தூபபீடங்கள், உள்ளே நிற்கிற கல். எதிரியின் கோட்டையில்லை, கர்த்தரை வணங்கியவர்களின் கோட்டை. அந்தக் கோயிலை மூடியவர்கள் பீடங்களை உடைக்கவில்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து மண் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடியது எசேக்கியாவா, எதிரிக்குப் பயந்து மறைத்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் படுக்கவைத்த விதம்தான்.

நம் பக்கம் வருவோம். லிங்கத்தை விக்கிரகம் என்று சொல்வது எவ்வளவு சரி? சைவ சித்தாந்தமே அதை உருவம் என்று சொல்வதில்லை. உருவமும் இல்லை, அருவமும் இல்லை, அருவுருவம் என்கிறது. லிங்கோத்பவர் கதையில் சிவன் அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாக நிற்கிறார். அதற்கும் முன்னால் சங்க இலக்கியத்தில் 'கந்து' இருக்கிறது. ஊர்ப் பொதுவிடத்தில் நட்ட தூண், அதில் தெய்வம் உறையும், விளக்கேற்றி வணங்குவார்கள். பட்டினப்பாலையில் இது வருகிறது. பைபிளின் வகைப்பாட்டில் வைத்தால் லிங்கம் செதுக்கிய உருவத்தைவிட யாக்கோபின் கல்லுக்குத்தான் நெருக்கம். எண்ணெய் உட்பட.

இப்படி இரண்டு பக்கமும் நட்ட கல் வைத்திருந்தவர்களின் வழித்தோன்றல்கள் புதுச்சேரியில் அடுத்தடுத்த மனையில் இருந்தார்கள். நடுவில் ஒரு மதில்.

ஒரு பக்கம் வேதபுரீஸ்வரர் கோயில். இன்னொரு பக்கம் சேசுசபையாரின் சென் போல் கோயில், நம் வாயில் சம்பா கோயில். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, சர்ச் எழும்பிய நாளிலிருந்தே அந்தக் கோயில் அங்கிருந்து போக வேண்டும் என்று பாதிரிமார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கவர்னர்கள் தயங்கினார்கள். கோயிலைத் தொட்டால் நெசவாளரும் வியாபாரிகளும் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். துணி இல்லாமல் கம்பெனி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜனங்கள் கூடி, போகிறோம் என்று மிரட்டியதும் நடந்தது. அதோடு விஷயம் ஆறிப்போகும், சில வருடம் கழித்துத் திரும்பக் கிளம்பும்.

இதற்கு நமக்குள்ள பெரிய சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை எழுதியவர். டியூப்ளேயின் துபாஷி. அவருடைய நாட்குறிப்பு ஒரு நல்ல சர்வர் லாக் மாதிரி: தேதி, நேரம், யார் வந்தார், என்ன சொன்னார். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல இடங்களில் அவர் எழுதுவது தான் பார்த்ததை இல்லை, ஆட்கள் ஓடிவந்து சொன்னதை. அவருக்குப் பிடிக்காதவர்கள் அதில் நன்றாக வரமாட்டார்கள். டியூப்ளேயின் மனைவி அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதவர்.

1746 மார்ச் மாதம் ஒரு ராத்திரி இரண்டு பேர் கோயிலுக்குள் புகுந்து சாமிகள் மேல் மலம் கரைத்த தண்ணீரை ஊற்றி, மீதிப் பானையை நந்தி மேல் போட்டு உடைத்துவிட்டுப் போனதாக எழுதுகிறார். அதே வருடக் கடைசியில் சர்ச் பக்கமிருந்து இன்னொரு சட்டி வந்து விழுந்தது. ராஜ்யங்களுக்கு நடுவே நடக்கும் மதச் சண்டை என்று நாம் பெரிதாகக் கற்பனை செய்கிறோம். இது மனைத்தகராறு மாதிரி இருக்கிறது. மதிலுக்கு மேலே வீசியிருக்கிறார்கள்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஊர் பாதி காலி. போனவர் போக, இருக்கிறவர் குண்டுக்குப் பயந்து கிடந்தார்கள். இனி யார் "ஊரைவிட்டுப் போவோம்" என்று மிரட்டுவது? ஐம்பது வருடம் கோயிலைக் காப்பாற்றிய ஒரே ஆயுதம் அந்த முற்றுகையில் செல்லாக்காசாகிவிட்டது.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. முந்தின நாளே சர்ச்சில் சிப்பாய்களைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. காலையில் பாதிரிமாரும், கொத்தனார், கூலியாட்கள், கடப்பாரை, மண்வெட்டி சகிதம் ஒரு பொறியாளரும் வந்து கோயிலின் தெற்கு மதிலில் கைவைத்தார்கள். (பொறியாளர் என்று வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.) கோயில்காரர்கள் பிள்ளையிடம் ஓடிவந்தார்கள். அவர் சொன்ன யோசனை, உற்சவ மூர்த்திகளையும் சாமான்களையும் காளத்தீஸ்வரன் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்பது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மூலவரை எடுக்க முடியாதே.

பிறகு நடந்ததை நாட்குறிப்பு விடாமல் சொல்கிறது. காரைக்கால் பெரிய பாதிரியார் கேர்தூ சம்மட்டியோடு வந்து, லிங்கத்தைக் காலால் உதைத்து, சம்மட்டியால் உடைத்தார். மற்ற விக்கிரகங்களை உடைக்கக் காப்பிரிகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உத்தரவு கொடுத்தார். டியூப்ளேயின் மனைவி அங்கே வந்து, இஷ்டம்போல் செய்யுங்கள் என்றார். ஐம்பது வருடமாக முடியாததை நீங்கள் முடித்தீர்கள் என்று பாதிரியார் அந்த அம்மாளைப் புகழ்ந்தார். வர்லாம் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் செருப்புக்காலால் ஒன்பது பத்துத் தடவை லிங்கத்தை உதைத்துத் துப்பினார்.

அன்றைய பதிவில் நான் இரண்டு தடவை திரும்பப் போய்ப் படித்த இடம் வேறு. ஊரில் இருந்த மசூதியையும் இடிக்கிற பேச்சு வந்தது. சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் டியூப்ளேயிடம் போய், மசூதியைத் தொட்டால் ஒரு சிப்பாயும் இருக்கமாட்டான் என்று சொல்லிவிட்டார். அந்த உத்தரவு அதோடு நின்றது. முற்றுகை நேரத்தில் துப்பாக்கி பிடிக்கிறவனால் மிரட்ட முடியும், தறி பிடிக்கிறவனால் முடியாது. லேவியராகமம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

இந்தச் சம்பவம் இப்போது வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. நடந்தது நடந்ததுதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த பார்வர்டுகளில் கேர்தூ ஒரு முரட்டு மூடன். அவர் யார் என்று தேடியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காஸ்தோன் லொரான் கேர்தூ 1691இல் பிரான்சில் பூர்ஜ் நகரில் பிறந்தவர். 1732இல் இந்தியா வந்தவர். தெலுங்கு கற்று அகராதி தொகுத்தார். நம் ஊர்த் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டு 1740களில் பிரான்சுக்குக் கடிதம் எழுதினார். 1767இல் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, லத்தீன் மொழிகளுக்கும் இவ்வளவு சொற்கள் எப்படிப் பொதுவாக வந்தன என்று பாரீஸ் கல்விக்கழகத்துக்கு எழுதிக் கேட்டவர் இவர். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதைச் சொல்லிப் புகழ் பெறுவதற்கு 19 வருடம் முன்னால். இந்துக்களின் வழக்கங்களைப் பற்றி அபே துய்புவா எழுதிய பிரபலமான புத்தகம்கூட, பெரும்பகுதி கேர்தூவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததுதான் என்று 1987இல் சில்வியா மூர் காட்டிவிட்டார். இந்த நாட்டை இவ்வளவு கூர்ந்து பார்த்த ஐரோப்பியர் அந்தக் காலத்தில் குறைவு. லத்தீன் பைபிளில் யாக்கோபின் கல்லுக்கும் தடை செய்த கல்லுக்கும் ஒரே சொல் என்பது, இரண்டு கண்டத்துச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்த இந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? நிச்சயம் தெரியும்.

அப்படியானால் ஏன் சம்மட்டி? கத்தோலிக்கர்களுக்கு உருவமே ஆகாது என்பதும் இல்லை. 787இல் இரண்டாம் நிக்கேயா சங்கமே உருவங்களை வணக்கத்துக்குரியவை என்று ஏற்றுவிட்டது. உடைத்தவர்களின் சர்ச்சுக்குள்ளேயும் சுரூபங்கள் இருந்தன.

இதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான், ஆனால் காரணத்தோடு. சேசுசபையார் தமிழ்நாட்டில் பூணூல், சந்தனம், சாதி ஒதுக்கம் எல்லாவற்றையும் சமூக வழக்கம் என்று அனுமதித்தார்கள். மற்ற சபையார் அதை விக்கிரக ஆராதனை என்று ரோமுக்குப் புகார் எழுதினார்கள். விசாரிக்க வந்த போப்பின் தூதர் தூர்னோன் 1703 நவம்பரில் இறங்கியது இதே புதுச்சேரியில். 1704இல் இங்கிருந்தே அவர் போட்ட ஆணையில் ஒரு விதி, கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கட்டக் கூடாது என்பது. அதுவரை கட்டியிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? நாற்பது வருடம் வழக்கு இழுத்தது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் போப் கடைசித் தீர்ப்பு கொடுத்தார்: ஆணை செல்லும், மிஷனரிகள் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.

சம்மட்டி விழுந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. "நீங்களே பாதி அஞ்ஞானிகள்" என்று சொந்தச் சபை நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள். அவர்கள் கையில் பக்கத்து மனையின் லிங்கம் கிடைத்தபோது, அவர்கள் யாருக்கு நிரூபித்துக்காட்டினார்கள்? வேதபுரீஸ்வரரைக் கும்பிட்டவர்களுக்கு மட்டும்தானா? யோசியா உடைத்ததும் தூரத்து எகிப்தின் தூண்களை இல்லை. தன் பாட்டன்மார் நட்டதை, பெத்தேல் பலிபீடம் உட்பட. தடை மிகக் கடுமையாக விழுவது தன்னைப் போலவே இருப்பதன் மேல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போஸ்கவன் அக்டோபரில் முற்றுகையை விட்டுப் போனார். 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, ரங்கப் பிள்ளை இறந்து சில நாளில். ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது சம்பா கோயிலும் போயிற்று. இப்போது மிஷன் வீதியில் நாம் பார்ப்பது 1791இல் முடிந்த கட்டடம். வேதபுரீஸ்வரருக்கு 1788இல் திவான் கந்தப்ப முதலியார் ஈஸ்வரன் கோயில் வீதியில் புதுக்கோயில் கட்டினார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

ஆதியாகமம் 28ஐ நண்பருக்குக் காட்டினேன், மூலச்சொல்லோடு. நிதானமாகப் படித்தார். "யாக்கோபு கர்த்தருக்கு நட்டார் சார். இது அப்படி இல்லையே" என்றார். யாருக்கு நட்டது என்பதுதான் விஷயம், கல் இல்லை என்றால் அது நேர்மையான பதில், அதோடு எனக்குச் சண்டை இல்லை என்றேன். "அப்ப அந்தப் பாதிரியார் உடைச்சது தப்புதான்" என்று அவராகவே சொன்னார். "நான் உள்ள வரலை, அவ்வளவுதான். உடைக்கச் சொல்லி எனக்கு எழுதலை. அது அவங்களுக்கு, அந்த தேசத்துக்கு எழுதினது." லேவியராகமத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். 'உங்கள் தேசத்தில்' என்றுதான் இருக்கிறது. இவ்வளவு தேடிய நான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

போன வியாழக்கிழமையும் வாசல் வரை வந்தார். பைக் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு சுவர் பாக்கி இருக்கிறது. சம்பா கோயிலுக்கு உள்ளேயே, தலித் கிறிஸ்தவர்களை மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவர். அது 1745இல் இடிபட்டதையும், அதற்குக் கிளம்பிய ரகளையையும் ரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். வர்லாமின் செருப்புக்காலைப் புரிந்துகொள்ள அதையும் படிக்க வேண்டியிருக்கும். அடுத்த பதிவில்.